மூன்றரைச் சுற்று, இடப்பக்கம்

சாமிக்கண்ணு தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்தது 1974ஆம் வருஷம் ஜூன் மாதம் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை. அப்போது வயது பதினேழு. வில்லியனூருக்கு மேற்கே அவர்கள் குடும்பத்துக்கு இரண்டு காணி நிலம் இருந்தது. அதற்கு மூத்த பிள்ளைகள் மூன்று பேர் போதும் என்று கணக்குப் போட்ட அப்பா, நாலாவது பிள்ளையை பஸ் ஏற்றி விட்டார். இறங்கிய இடத்தில் ஒரு லேத்துப் பட்டறை இருந்தது. அன்று உள்ளே போனவர் இடம் மாறவே இல்லை. முதலாளி மாறினார், கூரை மாறியது, லேத்து இரண்டு முறை மாறியது. சாமிக்கண்ணு மாறவில்லை.

கடைந்து முடித்த இரும்பைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு தடவு தடவுவார். தலைமுடியின் கனத்தில் பாதி கூடியிருந்தாலும் சொல்லிவிடுவார். அளவுக்கருவி வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் இருக்கும். பேச்சு குறைவு. பீடி, வெற்றிலை கிடையாது. ஒரே ஒரு பழக்கம்தான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பட்டறையில் அவரை மரை கழண்டவன் என்றார்கள்.

1982 பிப்ரவரி 12ஆம் தேதி வெள்ளிக்கிழமை, மின்வெட்டு என்று பட்டறையைப் பாதி நாளில் மூடினார்கள். வெயிலுக்கு ஒதுங்க டவுனில் ஒரு தியேட்டருக்குள் போனார். இங்கிலீஷ் படம். தலைப்பைக்கூட அவரால் படிக்க முடியவில்லை. விளக்கு அணைந்தது. திரை முழுக்கக் கருப்பு, அதில் நட்சத்திரங்கள். மேலிருந்து ஒரு கப்பல் வந்தது. கடலில் போகும் கப்பல் இல்லை. வானத்தில், தன்னைத் தானே மெதுவாகச் சுற்றிக்கொண்டு வந்தது. வந்துகொண்டே இருந்தது, முடியவே இல்லை. சத்தம் மட்டும் துளியும் இல்லை. ஜனங்கள் ஆபரேட்டர் அறையைப் பார்த்து விசில் அடித்தார்கள். "சவுண்ட வையிடா" என்று ஒருவன் செருப்பைத் தூக்கிக் காட்டினான். அப்புறம் ஒவ்வொருவராக அடங்கினார்கள். அங்கே காற்று இல்லை, அதனால் சத்தமும் இல்லை என்பது யாரும் சொல்லாமலே அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. நானூறு பேர் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. சாமிக்கண்ணுவின் கையில் மயிர் குத்திட்டு நின்றது. அடுத்தடுத்த முறை போனபோது கைக்கடிகாரத்தில் பார்த்தார். அந்த மௌனம் நாற்பத்தொரு விநாடி.

மொத்தம் பதினோரு முறை போனார். மௌனம் மட்டும் காரணமில்லை. பேச்சு புரியாததால் அவருடைய கண் பொருள்களின் மேலேயே இருந்தது. கப்பலின் அடிவயிற்றில் ஒரு வட்டக் கதவு. அதன் நடுவில் ஒரு கைச்சக்கரம். கப்பலின் கிழட்டு மெக்கானிக் அந்தச் சக்கரத்தைத் திருகிக் கதவை மூடுகிறான். மூன்றரைச் சுற்று. இடப்பக்கமாக.

உலகத்தில் எந்தத் திருகாணியும் வலப்பக்கம் திருகினால்தான் இறுகும். இடப்பக்கம் இறுகுகிற மரை வேண்டுமென்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். சைக்கிளின் இடது பெடல் அப்படி. பட்டறையில் சாணைக்கல் மோட்டாரின் இடது கல்லைப் பிடிக்கும் நட்டு அப்படி. சாதாரண மரை போட்டால் சுழல்கிற சுழற்சியிலேயே தளர்ந்து கல் தெறித்து ஆளைக் கொல்லும். இந்தக் கப்பலும் ஓயாமல் சுற்றுகிறது. அப்படியானால் அந்தக் கதவைச் செய்த எவனோ உட்கார்ந்து யோசித்திருக்கிறான். பார்க்கிறவர்களில் ஆயிரத்தில் ஒருவன்கூடக் கவனிக்க மாட்டான் என்று தெரிந்தும் சரியான மரையைப் போட்டிருக்கிறான். இதை நினைத்தபோதெல்லாம் கோயிலில் கர்ப்பக்கிரகத்துக்கு முன்னால் நிற்பது போல சாமிக்கண்ணுவுக்கு வாய் அடைத்துப்போகும்.

மறுவருஷம் முதலாளியிடம் கேட்டுப் பித்தளை வாங்கி, மதியச் சாப்பாட்டு நேரங்களில் அந்தக் கதவைக் கடைந்தார். ஐந்து மாதம் ஆனது. விட்டம் இருநூற்றுப் பத்து மில்லிமீட்டர், எடை நாலு கிலோ முந்நூற்றைம்பது கிராம். கைச்சக்கரம் இடப்பக்கம் மூன்றரைச் சுற்றில் இறுகும். இறுகிவிட்டால் கதவுக்கும் அது பொருந்தி உட்காரும் வளையத்துக்கும் நடுவே சிகரெட் தாள் நுழையாது.

1984இல் கல்யாணம். மனைவி அஞ்சலாட்சி வந்த மறுவாரமே வெள்ளிக்கிழமைக்காக விளக்குகளைப் புளி போட்டுத் துலக்க எடுத்தாள். அலமாரியில் இந்தப் பித்தளையும் இருந்தது. சாமி சாமான் என்று நினைத்து அதையும் எடுத்தாள். திறக்கிறேன் என்று வழக்கம்போல இடப்பக்கம் திருகி, இன்னும் இறுக்கிவிட்டாள். உள்ளங்கை கன்றிப்போனது. சாயங்காலம் அவர் வந்து வலப்பக்கம் திருகித் திறந்து காட்டினார். அன்றிலிருந்து வாராவாரம் திறந்து, மரைக்குள் பழைய பல் பிரஷ் விட்டுத் தேய்த்து, கழுவித் துடைத்து மூடுவாள். இது என்ன, எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. படத்துக்குக் கூப்பிட்டால் எனக்கு இங்கிலீஷு தெரியாது என்பாள். எனக்கும்தான் தெரியாது என்று அவர் சொன்னால், அப்ப நீங்க போறது இன்னும் மோசம் என்பாள்.

அந்தத் தியேட்டரில் அவருக்கு மூன்று கூட்டாளிகள் கிடைத்தார்கள். ழான்-லூக் பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர். ஏழாவது தடவை பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, படம் பார்க்காமல் கடிகாரம் பார்க்கிற ஆளைக் கண்டு பேச்சுக் கொடுத்தார். மின்துறை குமாஸ்தா அரிகிருஷ்ணன், லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸ்காரர், அதே வருஷம் டிக்கெட் வரிசையில் சேர்ந்தார். 1986இல் இரண்டாம் படம் வந்தது. ழான்-லூக் முதல் நாள் அதைக் கண்டபடி திட்டினார். மறுவாரம் இன்னொரு தடவை பார்த்துவிட்டு, மூன்றில் இதுதான் சிறந்ததாக இருக்கப் போகிறது என்றார், மூன்றாம் படம் வருவதற்கு முன்னாலேயே. அன்று சட்டம் போட்டார்கள்: இரண்டு முறை பார்க்காமல் யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. 1991இல் மூன்றாம் படம். பின்வரிசையில் சிரித்துக்கொண்டிருந்த பையன்களை எழுந்து நின்று அதட்டிய ஒரு கல்லூரிப் பெண் நாலாவது ஆளாகச் சேர்ந்தாள். அவள்தான் சரிதா, இப்போது லாஸ்பேட்டையில் பௌதிகம் நடத்துகிறாள். மூன்று படங்களிலும் அந்த வட்டக் கதவு இருந்தது. மூன்றிலும் மூன்றரைச் சுற்று.

பிறகு பதின்மூன்று வருஷம் ஒன்றுமில்லை. 2004 ஜூலை 9, வெள்ளிக்கிழமை நாலாம் படம் வந்தது. இந்த முறை தமிழிலேயே பேசியது. நான்கு பேரும் முதல் காட்சிக்குப் போனார்கள்.

பத்தாவது நிமிஷத்தில் கப்பலைக் காட்டினார்கள். புதுப்பித்துவிட்டார்களாம். எல்லாக் கதவும் கண்ணாடி. ஆள் கிட்டே போனால் நகைக்கடைக் கதவு மாதிரி தானாகத் திறந்தது. கிழட்டு மெக்கானிக் செத்துப்போய்விட்டான் என்று யாரோ நடந்துகொண்டே ஒரு வரியில் சொன்னார்கள். இடைவேளையில் சாமிக்கண்ணு எழுந்து போனார். ஒன்றுக்குப் போகிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவர் கடற்கரைச் சாலைக்குப் போய், நாலு மணிவரை சுவரில் உட்கார்ந்து கடலைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். இருபத்திரண்டு வருஷத்தில் பாதிப் படத்தில் அவர் எழுந்து வந்தது அதுவே முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் துக்கம் விசாரிக்க வந்தார்கள். நிஜமாகவே அப்படித்தான் வந்தார்கள். யோசனை ழான்-லூக்குடையது. வெள்ளைச் சட்டையில் கருப்பு ரிப்பன் குத்தியிருந்தார். கையில் நீள ரொட்டி.

"கோந்தோலேயான்ஸ், சாமி," என்று பிரெஞ்சில் அனுதாபம் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு உள்ளே பார்த்து, "எழவு வீட்டுல அடுப்பு எரியாதேன்னு ரொட்டி வாங்கியாந்தேன், தங்கச்சி."

"கறிக்கொழம்பு கொதிக்குது அண்ணே. அதுல தொட்டுத் தின்னுங்க," என்றாள் அஞ்சலாட்சி. "வெளக்கு ஏத்துற வீட்டுல இன்னா பேச்சு இது."

அரிகிருஷ்ணன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒப்பாரி ஆரம்பித்தது. சரிதாவுக்குத் தாங்க முடியாதது சத்தம். வெற்றிடத்தில் கப்பல் வெடிக்கிறது, தீபாவளி மாதிரி சத்தம் கேட்கிறது, திங்கட்கிழமை நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போவேன் என்றாள். அரிகிருஷ்ணனுக்கு இயந்திர நாய்க்குட்டிதான் பெரிய காயம். அது சென்னைத் தமிழ் பேசுகிறதாம், அதற்கு ஒரு பாட்டு வேறு. ழான்-லூக் மெக்கானிக்கைப் பற்றிச் சொன்னபோது மட்டும் குரலில் விளையாட்டு இல்லை. அத்தனை வருஷம் சர்வீஸ் செய்தவனுக்கு ஒரு சல்யூட் கிடையாதா, நாங்கள் பட்டாளத்தில் கோவேறு கழுதைக்குக்கூட அடிப்போமே என்றார்.

அலமாரியைப் பார்த்த சரிதா, அண்ணே, கதவு எங்கே என்று கேட்டாள்.

சாமிக்கண்ணு வாசலில் நின்ற மொபெட்டைக் காட்டினார். அதன் கைப்பிடியில் ஒரு துணிப்பை கனத்துத் தொங்கியது.

"சனிக்கிழம பட்டறைக்குப் பழைய பித்தள எடுக்க ஆள் வராரு. பீப்பாயில போட்டுடப் போறேன். உருக்குனா வால்வாவது ஆவும்."

"ஏன் அண்ணே?"

"செஞ்சவனுக்கே நெனப்பு இல்ல. நான் வெச்சிருந்து இன்னா பண்றது."

அரிகிருஷ்ணன் தலைத்துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். குழம்பு வாசனை வந்தது. கரண்டியும் கையுமாக அஞ்சலாட்சி கதவோரம் வந்து நின்றாள்.

"ரெண்டு தடவ பாக்காம தீர்ப்பு சொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டது நீங்கதான?" என்றாள் கணவரைப் பார்த்து. "நீங்க ஒரு தடவகூட முழுசா பாக்கலியே."

வியாழக்கிழமையோடு படத்தைத் தூக்கிவிடுகிறார்கள் என்றார் அரிகிருஷ்ணன்.

"அப்ப வியாழக்கிழம போவலாம். நானும் வரேன். இருவது வருஷமா தொலக்குறேன். அடுப்புக்குப் போறதுக்கு முன்னால, எதுக்கோசரம் தொலக்குனேன்னு நானும் ஒரு தடவ பாத்துக்கிறேன்."

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் எழுந்து போக வேண்டும். மூவரும் அப்படியே போனார்கள். விளையாட்டாக ஆரம்பித்ததுதான். ஆனால் மொபெட்டைத் தாண்டும்போது ழான்-லூக் அந்தப் பையை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை, ஜூலை 15. சாமிக்கண்ணு அரை நாள் லீவு எடுத்தார். முப்பது வருஷத்தில் அது அவருக்கு மூன்றாவது லீவு. அரிகிருஷ்ணனுக்கும் சரிதாவுக்கும் வேலை நாள்; அவர்கள் இல்லாமல் ழான்-லூக்கும் வரவில்லை. பகல் காட்சியில் இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். பையை வெளியே மொபெட்டில் விட மனமில்லாமல் காலடியில் வைத்துக்கொண்டார்.

முதல் பாதி அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. நாய்க்குட்டி பேசியபோது அஞ்சலாட்சி சிரித்தாள். அவருக்கு அவமானமாக இருந்தது. தன் வீட்டுப் பிள்ளை தெருவில் கூத்தடிப்பதைப் பார்த்து ஊரார் சிரிப்பது போல. இடைவேளையில் எழுந்தார். அஞ்சலாட்சி முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து அவர் கையில் வைத்தாள். உட்கார்ந்தார்.

இரண்டாம் பாதியில் ஒரு மணி நேரம் போனபிறகு கப்பலில் மின்சாரம் செத்தது. கண்ணாடிக் கதவுகள் திறந்தது திறந்தபடி நின்றுவிட்டன. காற்று வெளியேறிக்கொண்டிருந்தது. பேர்கூடச் சரியாகச் சொல்லப்படாத ஒரு பெண், கப்பலில் துடைப்பு வேலை செய்பவள், டார்ச்சோடு ஏணியில் இறங்கினாள். ஒரு தளம், இன்னொரு தளம். புதுப்பிக்காத இடத்துக்கு வந்தாள். தூசி, ஒட்டடை. டார்ச் வெளிச்சம் சுவரோடு போய் ஓரிடத்தில் நின்றது.

வட்டக் கதவு.

சத்தம் முழுக்க நின்றது. இந்த முறை யாரும் விசில் அடிக்கவில்லை, அடிக்க ஆளில்லை. சாமிக்கண்ணு மூச்சைப் பிடித்துக்கொண்டார். வலப்பக்கம் திருகப் போகிறாள், நிச்சயம் வலப்பக்கம்தான், இவ்வளவு மறந்தவர்கள் இதை மட்டுமா நினைவு வைத்திருக்கப் போகிறார்கள் என்று மனம் அடித்துக்கொண்டது. அந்தப் பெண் கதவைத் தள்ளிச் சாத்திவிட்டுச் சக்கரத்தில் கை வைத்தாள்.

அப்போது பக்கத்தில் ஏதோ அசைந்தது. பார்த்தார். மடிமேல் இருந்த அஞ்சலாட்சியின் வலது கை, முறுக்குத் தூளோடு, காற்றில் எதையோ பிடித்து இடப்பக்கமாகச் சுற்றத் தொடங்கியிருந்தது. அவள் கண் திரையில் இருந்தது. கை தானாகப் போய்க்கொண்டிருந்தது.

திரையில் அந்தப் பெண்ணும் இடப்பக்கம் சுற்றினாள். ஒன்று. இரண்டு. மூன்று. அப்புறம் ஒரு அரை. சக்கரம் நின்றது. அஞ்சலாட்சியின் கையும் அதே இடத்தில் நின்றது.

"நம்மளுது மாதிரியே," என்றாள் மெல்ல. அப்புறம், "கடேசி அரைச் சுத்துல கொஞ்சம் கெட்டியா இருக்கும். அதுக்குத்தான் அவ மூஞ்சிய சுளிக்கிறா."

மொத்தமே ஒன்பது விநாடி. கூட்டாளிகள் மூவரும் வெள்ளிக்கிழமை இதைப் பார்த்திருக்கிறார்கள், கவனிக்கவில்லை. கதையை எழுதியவர்கள் மறந்துவிட்டார்கள். படத்துக்குச் சத்தம் சேர்த்தவர்களும் நாய்க்குட்டிக்குப் பாட்டுக் கட்டியவர்களும் மறந்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பெரிய கும்பலில் எங்கோ ஒரு மூலையில் ஓர் ஆள் இருந்திருக்கிறான். கதவு செய்யச் சொல்லி அவனிடம் தாளைக் கொடுத்திருப்பார்கள். சாதாரண மரை போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவன் போடவில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய அளவைத் தேடி எடுத்து, இடப்பக்கம் கடைந்து, மூன்றரைச் சுற்றில் நிறுத்தியிருக்கிறான். அவன் முகம் எப்படி இருக்கும்? அவனுக்கும் நகத்தால் தடவிப் பார்க்கிற பழக்கம் இருக்குமா? சாமிக்கண்ணுவுக்குக் கண்ணில் நீர் வந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

படம் முடிந்தது. பெயர்கள் ஏறத் தொடங்கியதும் விளக்கைப் போட்டுவிட்டார்கள். பெருக்குகிறவர் வாளியோடு வந்தார். மிஷின் நின்றுவிடும் என்று தெரிந்து சாமிக்கண்ணு திரும்பி, ஆபரேட்டர் அறையின் சின்ன ஜன்னலைப் பார்த்துக் கையை உயர்த்தினார். வாழ்க்கையில் அவர் பொது இடத்தில் குரல் எழுப்பியது அதுதான்.

"அண்ணே, பேரு ஓடட்டும்."

ஜன்னலில் ஒரு முகம் வந்தது. பெயரையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்பது போல விழித்தது.

"ஒங்க சொந்தக்காரங்க யாராச்சும் வேல செஞ்சிருக்காங்களா?"

"ஆமா," என்றார் சாமிக்கண்ணு. "லேத்துல."

விளக்கு மறுபடியும் அணைந்தது. பெயர்கள் ஏறிக்கொண்டே இருந்தன. நூற்றுக்கணக்கில், வரிவரியாக, கருப்பில் வெள்ளையாக, கீழிருந்து மேலே. எழுத்துக் கூட்டி ஒன்றைப் படிப்பதற்குள் பத்து போய்விடும். இதில் அவன் எந்த வரி என்று தெரியாது. எந்த வரியாகவும் இருக்கலாம் என்பதால் ஒன்றையும் விடாமல் பார்த்தார். நின்றுகொண்டே பார்த்தார். அஞ்சலாட்சியும் எழுந்து, சாமி ஊர்வலம் தெருவைக் கடக்கும்போது நிற்பது போல, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பெருக்குகிறவர் விளக்குமாற்றைச் சாய்த்துவைத்துவிட்டுக் காத்திருந்தார். ஐந்து நிமிஷம் இருபது விநாடி. கடைசிப் பெயர் மேலேறி மறைந்து திரை வெறுமையான பிறகுதான் பையை எடுத்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டாளிகள் வந்தபோது கதவு அலமாரியில் இருந்தது. புளி போட்டுத் துலக்கியது அப்படியே மினுங்கியது. சாமிக்கண்ணு நடந்ததைச் சொன்னார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அவர்கள் கேட்டதில்லை. நிஜமாகவே இடப்பக்கம்தானா என்று சரிதா மூன்று முறை கேட்டாள். நான் கண்ணைத் திறந்துகொண்டுதானே உட்கார்ந்திருந்தேன், எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். அரிகிருஷ்ணன் மட்டும் மசியவில்லை. கதவு நல்ல கதவு, படம் தண்டம் என்றார். ஆமாம், தண்டம்தான் என்று சாமிக்கண்ணு ஒப்புக்கொண்டார். இரண்டாவது தடவை பார்த்தாகிவிட்டது, தீர்ப்பு அதுதான் என்றார்.

ழான்-லூக் கதவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கருப்பு ரிப்பன் சட்டையில் இல்லை. இறுக்கிப் பார்க்கிறேன் என்று சக்கரத்தைப் பிடித்தார். வலப்பக்கம் திருகினார். அது கழன்று கையோடு வந்தது.

"முசியே, நீங்க அந்தக் கப்பல்ல இருந்திருந்தா எல்லாரும் காலி," என்றார் சாமிக்கண்ணு.

அஞ்சலாட்சி வந்து அதை வாங்கி, சக்கரத்தை மரையில் பொருத்தி, பார்க்காமலே இடப்பக்கம் மூன்றரைச் சுற்றுச் சுற்றி, கடைசி அரைச் சுற்றில் லேசாக முகத்தைச் சுளித்து, அலமாரியில் வைத்தாள்.

இருட்டுவதற்கு முன் மூவரும் எழுந்தார்கள். படியிறங்கிய ழான்-லூக் எதையோ மறந்தவர் போல நின்று, திரும்பி வாசல்வரை வந்தார்.

"போயிட்டு வரேன், சாமி," என்றார். "தங்கச்சி, போயிட்டு வரேன்."